உப்புத் தூளில் பதினெட்டு முட்டைகள்

முட்டையில் விழுந்த முதல் குழியை நான் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது. சோற்றுப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தேன். கடைசி வரிசையில் ஒரு முட்டை, யாரோ கட்டைவிரலால் அமுக்கிவிட்டதுபோல ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. மூடியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே வண்டியைக் கிளப்பி வைத்திருந்த என் வீட்டுக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அன்று முதல் பீரியடுக்குப் பிந்தித்தான் போனேன்.

ஓணான் முட்டைக்கு இவ்வளவு பயமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

என் மகள் ஒரு தாடி ஓணான் வளர்த்தாள். ஆஸ்திரேலியா நாட்டு ஜாதி. முழங்கை நீளம் இருக்கும். கழுத்துக்குக் கீழே முள்முள்ளாகத் தாடி வைத்ததுபோல் இருக்கும். கோபம் வந்தால் அந்தத் தாடி கறுக்கும். நம் வேலியில் ஓடுகிற ஓணானைப் பிடித்துக் கூண்டில் போட்டது அல்ல. அரசாங்கத்தில் பதிவு செய்து சான்று வாங்கிய பிராணி. வீட்டில் என் ஆதார் அட்டை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், அதன் சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை.

முதல் மாதம் நான் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. பிறகு ஒருநாள் செம்பருத்திப் பூவை நீட்டினேன். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னை அளந்துவிட்டு, பூவை வாங்கித் தின்றது. அதோடு என் கதை முடிந்தது. மூன்று வருடம் இந்த வீட்டில் செம்பருத்தி சாமிக்கும் இல்லை, தலைக்கும் இல்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நாங்கள் கிறிஸ்தவர்கள், சபைக்குப் போகிறவர்கள். செம்பருத்திக்கு எங்கள் வீட்டில் அதற்கு முன்னாலும் பெரிய வேலை இருந்ததில்லை. ஆனாலும் அவருக்கு அந்தக் கேலி பிடித்துப்போயிற்று.

மகள் கோழிக்கோட்டில் நர்சிங் படிக்கிறாள். ஓணம் லீவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் தோழி ஒருத்தி வளர்க்கும் ஆண் ஓணானிடம் இதைக் கொண்டுபோய் விட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். நான்கைந்து வாரத்தில் முட்டையிடும் என்று சொல்லி, ஒரு நோட்டுத் தாளில் இரண்டு பக்கம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். அதில் இரண்டு வரிகளுக்கு மட்டும் அடிக்கோடு. ஒன்று: கண்ணாடியைப் பிறாண்டத் தொடங்கினால் அன்றைக்கே ஈரமணல் பெட்டி வைக்க வேண்டும், அதில் குழி தோண்டித்தான் அது முட்டையிடும். இரண்டு: முட்டைகளை வெர்மிகுலைட்டில்தான் புதைத்து வைக்க வேண்டும், வேறு எதுவும் கூடாது. வெர்மிகுலைட் என்றால் நர்சரிகளில் விற்கும், பொன்னிறமாக மினுங்கும் ஒருவிதக் கல்பொரி.

அந்த இரண்டு வரிகளிலும் நான் தவறினேன்.

கண்ணாடியைப் பிறாண்டிய சத்தம் கேட்டபோது என் முன்னால் காலாண்டுத் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இன்று முடித்துவிட்டு வைக்கிறேன், நாளைக்கு வைக்கிறேன் என்று இரண்டு நாள் ஓடிவிட்டது. சத்தம் தாங்காமல் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாள் திருத்தினேன். இதை எழுதும்போதும் என் காது மடல் சுடுகிறது. மூன்றாம் நாள் மணல் பெட்டி வைத்தேன். அரைநாள் தோண்டி, பதினெட்டு முட்டை இட்டது. பெருவிரல் நுனி அளவு, வெள்ளை வெளேரென்று, தோல் போன்ற ஓடு. மகளுக்குப் படம் அனுப்பினேன். அவள் விடுதியே கேட்கும்படி கத்தினாளாம்.

"மணல் என்னைக்கும்மா வச்சீங்க?" என்று கேட்டாள்.

"பிறாண்டின அன்னைக்கே வச்சிட்டேன் மக்களே."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த ஜீவன் எழுந்திருக்கவில்லை. பூவைக் கொடுத்தால் கண்ணைத் திறந்து பார்க்கும், வாயைத் திறக்காது. நாகர்கோவிலில் மாடும் நாயும் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் துண்டில் சுற்றிக் கொண்டுபோனோம். நல்ல மனிதர். "எனக்கு இது பழக்கமில்லாத உயிரு டீச்சர். சுண்ணாம்புச் சத்து கொறஞ்சிருக்கு. முட்டைய ரெண்டு மூணு நாளு அடக்கி வச்சிருந்து களச்சுப்போயிருக்கு" என்றார். அடக்கி வைத்திருந்தது என்ற சொல்லைக் கேட்டதும் நான் சுவரில் ஒட்டியிருந்த காளைமாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டேன். சொட்டு மருந்து கொடுத்தார். முட்டையிட்ட ஐந்தாம் நாள் காலை தொட்டபோது கல்போலக் குளிர்ந்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த உடம்பு. அவரை மண்வெட்டி தொட விடமாட்டேன். மழைத் தூறலில் பின்பக்க வாழையின் அடிமூட்டருகே நானே குழி வெட்டினேன். பழைய சுடிதார் துண்டில் சுற்றி, நாலு செம்பருத்தி வைத்து மூடினேன். கையைக் கழுவிவிட்டு வந்தால், போனில் மகள்.

"அவ என்ன செய்யா?"

"படுத்துக் கெடக்கா. களைப்பா இருக்கும்லா" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால், மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தார். நான் அவளிடம், அப்பா மஸ்கட் வேலை விஷயமாக எம்பசிக்குப் போயிருக்கிறார், நல்லாருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். படிப்பு கெடக் கூடாது என்றுதான். பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு அத்தை அவள் தோளைத் தொட்டு, "அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு எப்படி இருக்கு மோளே?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "இனி நீங்க நல்லாருக்குன்னு ஒண்ணு சொன்னா நான் எப்பிடிம்மா நம்புவேன்?" அதற்குப் பிறகுதான் அந்த ஓணான் வீட்டுக்கு வந்தது. என்னை நம்பி அவள் விட்டுவிட்டுப் போன முதல் உயிர் அது.

இப்போது புரிந்திருக்கும். அவள் கிறிஸ்துமஸுக்கு வருவாள். அவள் கையில் கொடுக்க ஒரு குஞ்சாவது உயிரோடு இருக்க வேண்டும். அதைக் கொடுத்துக்கொண்டே தாய் போன செய்தியைச் சொல்லிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வெறுங்கையோடு நின்று சொல்ல என்னால் முடியாது.

"ஏட்டி, பிள்ளைகிட்ட சொல்லிரு" என்று அவர் முதல் நாளே சொன்னார்.

"செமஸ்டர் பரீட்சை முடியட்டும்."

"எனக்கு நெஞ்சுவலி வந்ததயும் பரீட்சைன்னுதான் மறச்சே. இப்பம் ஓணானுக்கும் அதேதானா?"

நான் முன்கோபக்காரி. அன்று மத்தியானம் அவருக்கு ரசம் கூட ஊற்றவில்லை.

முட்டை வைக்கும் பெட்டியை அவர்தான் செய்திருந்தார். குளச்சல் மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று, கோழிக்குஞ்சு பொரிக்கிறவர்கள் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட், ஒரு சின்ன பல்பு. மஸ்கட்டில் இருபது வருடம் வயரிங் வேலை பார்த்த கை. இருபத்தெட்டு டிகிரியில் ஆணியடித்ததுபோல நின்றது. பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், அவற்றில் ஈரத் தூள், தூளில் பாதி புதைந்தபடி முட்டைகள். இட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே கடைசி வரை மேலே இருக்க வேண்டும், புரட்டினால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று மகள் எழுதியிருந்தாள். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஒன்பதாம் நாள் போனின் டார்ச்சை ஒட்டிப் பார்த்தபோது பதினைந்து முட்டைகளுக்குள் சிவப்பாக நரம்பு வலை தெரிந்தது. மூன்று வெறும் மஞ்சள். அவற்றில் பஞ்சுபோலப் பூஞ்சை படரத் தொடங்கியதும் ஸ்பூனால் எடுத்து எறிந்தேன்.

ஒவ்வொரு நாளும் ஒரு பயம் முறை வைத்து வந்தது. முதலில் எறும்பு. எவ்வளவு கழுவினாலும் அந்தப் பெட்டியில் சாளை மீன் வாடை போகவில்லை, அதை மோப்பம் பிடித்து எறும்பு வரிசை கட்டியது. பெட்டி இருந்த ஸ்டூலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம். அடுத்து, மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரே முட்டையின் தலையில் விழுந்தது. மூடியின் ஒரு பக்கத்துக்குத் தீப்பெட்டியைக் கொடுத்துச் சரித்தோம். பிறகு பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திய நாள். நான் பள்ளியில் இருக்கிறேன், அவர் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைப் பெட்டிக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். இருபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை என்று அவர் போனில் சொல்லும்வரை நான் ஸ்டாஃப் ரூமில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இதெல்லாம் காரணம் தெரிந்த பயங்கள். எறும்பைக் கண்ணால் பார்க்கலாம், தெர்மாமீட்டரை வாசிக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த குழி வேறு மாதிரி. பெட்டியில் சூடு சரியாக இருந்தது, ஈரமும் இருந்தது. இருந்தும் முட்டை வற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் நான்கில் குழி. அதற்கு மறுநாள் ஏழில்.

மகளிடம் கேட்டேன். படம் அனுப்பச் சொன்னாள்.

"ஈரம் போதாதும்மா. ஓரத்துல கொஞ்சம் தண்ணி விடுங்க, முட்டை மேல படப்பிடாது. ரெண்டு நாள்ல உப்பி வந்திரும்."

விட்டேன். உப்பவில்லை. இன்னும் விட்டேன். குழி பெரிதானது. தூளை உள்ளங்கையில் பிழிந்தால் நீர் கசிந்தது. அவ்வளவு ஈரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு முட்டை எப்படித் தாகத்தில் சுருங்கும்? பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண்முன்னால் அந்தக் குழிகள் வரும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அந்த அறைக்கு ஓடுவேன். மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்பேன். திறக்காதவரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

"வெர்மிகுலைட் நல்லதுதானாம்மா? பழசு இல்லியே?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"நல்லதுதான்" என்றேன்.

வெர்மிகுலைட்டே இல்லை. முட்டையிட்ட அன்று நான் கேட்டுப்போன கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. அடுத்த கடைக்குப் போக எனக்கு நேரமில்லை, அல்லது மனமில்லை. வீட்டில் ஒரு சாக்கு கதம்பைத் தூள் இருந்தது. கதம்பை என்றால் தேங்காய் மட்டை. அதை அடித்து நார்த் தும்பு எடுத்தபின் உதிர்கிற பழுப்புத் தூள். கடலோரத்தில் தும்பு ஆலை வைத்திருக்கும் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் தோட்டத்துக்கு என்று கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அந்தத் தூளைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. தென்னை மூட்டில் போடுவோம், வாழைக்குப் போடுவோம். பஞ்சுபோல ஈரம் பிடிக்கும். வெளிநாட்டில் ஓணான் வளர்க்கிறவர்களே தேங்காய்த் தூள் வாங்கித்தான் கூண்டில் பரப்புகிறார்கள் என்று மகள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். இவ்வளவு அழகாகப் பெயர்போட்டுப் பாக்கெட்டில் விற்கிறதை இங்கே நாம் சாக்கில் வைத்திருக்கிறோமே என்று பெருமைகூடப் பட்டேன். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று.

பதினேழாம் நாள், பத்தாம் வகுப்பில் சவ்வூடு பரவல் பாடம். பதினாறு வருடமாக நடத்துகிற பாடம். உருளைக்கிழங்குத் துண்டுகளை ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீரிலும் இன்னொன்றில் உப்புத் தண்ணீரிலும் போட்டுவைப்போம். அரைமணி நேரம் கழித்து மாணவிகள் தொட்டுப் பார்ப்பார்கள். நல்ல தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும், உப்புத் தண்ணீரில் கிடந்தது துவண்டிருக்கும். தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தும் அது தன் தண்ணீரை இழக்கும். வெளியே உப்பு அதிகம், அது உறிஞ்சி இழுத்துவிடும் என்று ஒவ்வொரு வருடமும் அதே வார்த்தைகளில் சொல்லுவேன். அன்றும் சொன்னேன். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை உப்புத் தண்ணீர்த் துண்டை எடுத்துப் பெருவிரலால் அமுக்கினாள். விரலை எடுத்தபிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

"டீச்சர், பொதுக்குன்னு போகு" என்றாள்.

நான் அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கினேன். வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. என்ன டீச்சர் என்று யாரோ கேட்டார்கள். மீதிப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று தெரியாது. தலைமையாசிரியையிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். பொய் சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சாக்கிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். உப்புக் கரித்தது.

தும்பு ஆலைக்காரர் போனில் சிரித்தார். "பின்னே உப்பு இல்லாம? கதம்பைய ஆறேழு மாசம் காயல்லல்லா போட்டு ஊற வைக்கியோம். கடல் தண்ணி ஏறி எறங்குற எடமாக்கும். நர்சரிக்காரன் வந்தா மூணு தண்ணில அலசிக் குடுப்போம். நீங்க தென்னைக்குன்னுதான நெனச்சேன். தென்னைக்கு உப்பு நல்லதுல்லா."

தென்னங்கன்று நடும்போது குழியில் உப்பு போடுகிற ஊர் இது. அந்தத் தூளில் உப்பு இருந்ததை யாருடைய மரமும் காட்டிக் கொடுக்கவில்லை. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான்தான் தினமும் தண்ணீர் விட்டு, காய்ந்து கிடந்த உப்பையெல்லாம் கரைத்து முட்டைகளுக்கு ஊட்டியிருக்கிறேன். மகள் சொன்ன வைத்தியம் சரியான வைத்தியம்தான். எதில் முட்டை கிடக்கிறது என்பதைத்தான் நான் அவளிடம் சொல்லவில்லை. உட்கார்ந்து அழுதேன். பிறகு அவரை வண்டி எடுக்கச் சொன்னேன். தக்கலையில் இல்லை, மார்த்தாண்டம் போகிற வழியில் மூன்றாவது நர்சரியில் வெர்மிகுலைட் கிடைத்தது.

முட்டைகளைப் புரட்டாமல், பென்சில் புள்ளி மேலே இருக்கும்படி, ஒவ்வொன்றாக ஸ்பூனில் ஏந்தி மாற்றினேன். ஸ்பூன் ஆடாமல் இருக்க அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டார்ச்சில் பார்த்தபோது ஒன்பதில் நரம்பு மங்கிக் கறுத்திருந்தது. அவை போய்விட்டன. ஆறு மிஞ்சின. நான்கு நாளில் அந்த ஆறும் மெல்ல உப்பி, குழி நிறைந்து, உருண்டன. நவம்பர் மழையில் இரண்டு பூஞ்சை பிடித்துப் போயின. நான்கு.

தூள் மாற்றியதிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரம் அந்த முட்டைகளோடு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன் என்று சொல்வார்களே, அப்படி. மகள் ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். கூண்டின் மேல் நான் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தேன்.

"இன்னும் உறங்குகாளா?" என்று கேட்பாள்.

இந்த ஜாதி குளிர் காலத்தில் வாரக்கணக்கில் உறங்கும். அந்த விஷயத்தை அவளேதான் எனக்கு முன்பு சொல்லிக் கொடுத்திருந்தாள். "ஆமா மக்களே, மழையில்லா. வெளிச்சம் படாண்டாம்னு மூடி வச்சிருக்கேன்" என்பேன். "நல்லது. எழுப்பாண்டாம்" என்பாள். அவள் நம்பினாள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பேச்சு முடிந்து போனை வைத்தபிறகு, அவர் என்னைப் பார்க்காமல் பேப்பரைத் திருப்புவார்.

ஐம்பத்தேழாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன். நான்கு முட்டைகள்மேலும் முத்துமுத்தாக வேர்வை. நான்கிலும் குழி.

எனக்கு அழுகைகூட வரவில்லை. தெர்மாமீட்டர் சரி. தூளை எடுத்து நக்கிப் பார்த்தேன், உப்பில்லை. மகளின் தாளில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடினேன். குழி விழுந்தால் ஈரம் போதாது, உடனே தண்ணீர் விடு என்று ஒருவர் எழுதியிருந்தார். கடைசி நாட்களில் குழி விழுவது பொரியப்போகும் அடையாளம், தண்ணீர் விட்டால் குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று இன்னொருவர். விட்டாலும் சாகலாம், விடாவிட்டாலும் சாகலாம். தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"அவளக் கூப்பிடு. அவளுக்குத்தான் தெரியும்" என்றார் அவர்.

"கூப்பிட்டா எல்லாத்தையும் கேப்பா."

"கேக்கட்டும்."

கூப்பிட்டேன். முட்டைகளைக் காட்டினேன். அவள் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இது பொரியப்போறது மாரிதான் இருக்கு. ஆனா மொதல்லயும் இப்பிடித்தான விழுந்தது. அது எதுனால விழுந்ததுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். அம்மா, அப்பம் என்ன மாத்துனீங்க? தண்ணி மட்டும்தானா?"

தண்ணி மட்டும்தான் என்ற பதில் வாய்வரை வந்துவிட்டது. நான் பொய் சொன்னால் அவள் தவறாக முடிவு செய்வாள், இந்த நான்கும் போய்விடும். வேறு வழியில்லாமல்தான் உண்மையைச் சொன்னேன், நல்லவளாகி அல்ல.

"அது வெர்மிகுலைட் இல்ல மக்களே. கதம்பைத் தூளு. உப்புத் தூளு. பதினேழாம் நாள்தான் மாத்துனேன்." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் அதே மூச்சில் மற்றதையும் சொன்னேன். "அவளும் இல்ல. முட்டை போட்ட அஞ்சாம் நாளே போயிட்டா."

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் விடுதி ஜன்னலில் துணி ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே நிற்கவில்லை.

"தண்ணி ஊத்தப்பிடாது" என்றாள் கடைசியில். குரலில் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்களிடம் பேசுகிற குரல். "தொடவும் பிடாது. கீறி எடுக்கவும் பிடாது. மூடி வச்சிருங்க." வைத்துவிட்டாள்.

அன்று பகல் முழுக்க நான் அந்த ஸ்டூலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடியைத் திறக்கவில்லை. முட்டைகளுக்காகப் பயந்தேனா, அவளுக்காகப் பயந்தேனா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. அவர் சபைக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு மெதுவாகத் திறந்தேன். ஒரு முட்டையின் தலையில் பென்சில் புள்ளிக்குப் பக்கத்தில் பிளேடால் கீறியதுபோல ஒரு கோடு. அதன் வழியாக ஒரு மூக்கு. அரிசி அளவு. அது அசையவில்லை. செத்துவிட்டது என்று நினைத்து நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த மூக்கு ஒரு குமிழி விட்டது.

மத்தியானத்துக்குள் மூன்று குஞ்சுகள். விரல் நீளம், ஈர மணல் நிறம், தலை மட்டும் பெரிது. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி நின்று என்னைத் தலை சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. நான்காவது முட்டை திறக்கவே இல்லை. மூன்றையும் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது. பதில் இல்லை. சாப்பாட்டு நேரம் போயிற்று. அவர் வந்து, பார்த்து, கண்ணைத் துடைத்து, சாப்பிட்டு, படுத்தும்விட்டார். மூன்று மணிக்குப் போன் அடித்தது. வீடியோ.

அழுது முடித்த முகம். நான் அவசரமாகப் பெட்டியின் பக்கம் போனைத் திருப்பினேன்.

"குஞ்சப் பொறவு பாக்கேன்" என்றாள். "மொதல்ல கூட்டக் காட்டுங்க."

இரண்டு மாதமாக நான் காட்டாத கூண்டு. போர்வையை ஒரு கையால் இழுத்தேன். உள்ளே அது வெயில் காய்கிற மரக்கட்டை, அணைந்த பல்பு, காய்ந்து கருத்த ஒரு செம்பருத்தி. நான் எதையும் எடுக்கவில்லை, எடுக்கக் கை வரவில்லை. போனை மெல்ல நகர்த்தினேன்.

"அங்கேயே நிறுத்துங்க" என்றாள்.

முன்பக்கக் கண்ணாடி. அதன் அடிப்பக்கம் முழுக்க, மூலையிலிருந்து மூலைவரை, உள்ளங்கால் மண்ணும் நகமும் தீற்றித் தீற்றிப் படிந்த கறை. ஒன்றன்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். நானே அன்றுதான் அதைச் சரியாகப் பார்த்தேன்.

"ஒரு நாள்ல இவ்வளவு வராது" என்றாள். "எத்தன நாளும்மா?"

"ரெண்டு நாளு" என்றேன். "சத்தம் கேக்காண்டாம்னு கதவச் சாத்திட்டேன்."

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது. போனை வைங்க என்று சொல்லுவாள், இனி பேசாதீங்க என்று சொல்லுவாள், எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றேன். பின்னால் பெட்டிக்குள் குஞ்சு ஒன்று பிளாஸ்டிக்கைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், நிமிர்ந்தாள்.

"அதத் தொடைக்காதீங்க" என்றாள். "இருவதாந் தேதி வாறேன். வந்து பாக்கணும்."

பிறகு, குஞ்சுகளை எந்தக் கூண்டில் விடுவது, முதல் இரண்டு நாள் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் மூக்கில் ஒரு சொட்டு என்று வரிசையாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.